மூடியைத் திறக்காதீர்கள்: விதையிலிருந்து கள்ளி வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுப் பால்கனியில் ஒன்பது பார்சல் டப்பாக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கடுகளவு பச்சை மணிகள்: அஸ்ட்ரோஃபைட்டம், ஜிம்னோகலிசியம், ஒரே ஒரு டப்பாவில் அரியோகார்ப்பஸ். எல்லாமே அமெரிக்கக் கண்டத்துக் கள்ளிச் செடிகள். நம் ஊர் வேலியில் பால் வடியும் சதுரக்கள்ளி வேறு குடும்பம்.

விதை வாங்கும்போதே தவறு தொடங்கிவிடுகிறது. 'வானவில் நிறக் கள்ளி விதை' என்று விற்பதை நம்ப வேண்டாம். நர்சரியில் பார்க்கும் சிவப்பு, மஞ்சள் உருண்டைகளில் பச்சையம் இல்லை; பச்சைத் தண்டின்மேல் ஒட்டுக் கட்டியதால்தான் பிழைக்கின்றன. விதை எந்த ஆண்டு எடுத்தது என்று கேளுங்கள். பழைய விதை முளைக்கத் தயங்கும்.

கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூளில்) மட்டும் விதைப்பது அடுத்த தவறு. ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். சலித்த ஆற்று மணலும் பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல் துகளும் பாதிக்குமேல் இருக்கட்டும். கலவையை இட்லிப் பானையில் அரை மணி நேரம் ஆவியில் வைத்து, ஆறிய பிறகு நிரப்புங்கள். விதையை மண்ணால் மூடாதீர்கள், வெளிச்சம் பட வேண்டும். அஸ்ட்ரோஃபைட்டம் விதை குட்டித் தொப்பி மாதிரி இருக்கும். மேலே வைத்தாலே போதும்.

25 முதல் 30 டிகிரி வெப்பம் இருந்தால் புது விதை பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். அதனால் இங்கே பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை விதைப்பது நல்லது.

முளைத்த பிறகுதான் பெரிய தவறு நடக்கிறது. 'குழந்தைக்குக் காற்று வேண்டாமா' என்று, விதைத்ததும் மூடி வைத்த டப்பாவைத் திறந்துவிடுகிறோம். என் முதல் டப்பாவைப் பத்தாம் நாள் திறந்தேன். சில நாளில் ஒரு விதைத்தோலில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூசணம் படர்ந்தது. பக்கத்து நாற்றின் அடி கண்ணாடி போல நீர்கோத்து, காலையில் சாய்ந்து கிடந்தது. மூன்று நாளில் பாதி டப்பா போய்விட்டது. மனசு ஆறவில்லை. ஆவியில் வைத்த மண்ணில் பூசண வித்து அநேகமாக இருக்காது. திறந்தால் காற்றோடு உள்ளே வரும், அங்கே ஈரமும் சூடும் தயாராக இருக்கும். இரண்டு மூன்று மாதம் மூடியே இருக்கட்டும். பூசணம் கண்டால் மட்டும் திறந்து, அந்த இடத்து மண்ணோடு பல்குச்சியால் தோண்டி எடுத்துவிடுங்கள். அந்த இரண்டு மூன்று மாதம் கழிந்ததும் வாரம் ஒன்றிரண்டாக மூடியில் ஊசித் துளை போட்டு, மெல்ல வெளிக்காற்றுக்குப் பழக்கலாம்.

கள்ளி என்றாலே வெயில் என்பதும் நாற்றுக்குப் பொருந்தாது. மூடிய டப்பாவில் நேர் வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும். நாற்று செம்பு நிறத்துக்கு மாறினால் வெயில் அதிகம் என்று அர்த்தம். நிழலான, வெளிச்சமான இடம் போதும்.

முதல் வருடம் பிடுங்கி நடவும் வேண்டாம். நெருக்கமாக நிற்கும் நாற்றுகள் நன்றாகவே வளர்கின்றன. அரியோகார்ப்பஸ் பூக்கப் பல வருடங்கள் ஆகும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்காகத்தான் மெக்ஸிகோவில் காட்டுச் செடிகளைத் தோண்டி விற்கிறார்கள். இந்தப் பேரினம் முழுவதும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. அதனால் விதையிலிருந்து வளர்ப்பதையே நான் விரும்புகிறேன்.

அரியோகார்ப்பஸைத் தொட்டி மாற்றும் நாள் வரும்போது, சற்று ஆழமானதாகப் பாருங்கள். மேலே பட்டாணி அளவுதான் தெரியும். கீழே முள்ளங்கி மாதிரி வேர் இறங்கியிருக்கும்.