அக்சஸிலிருந்து எக்செலை இயக்கும்போது பிழைகளைக் கையாள்வது எப்படி?

அக்சஸில் இருக்கும் விற்பனை விவரத்தை எக்செல் ஃபைலுக்கு அனுப்ப ஒரு பட்டன் வைத்திருக்கிறீர்கள். நன்றாகத்தான் ஓடுகிறது. ஒருநாள் யாரோ அந்த ஃபைலில் ஷீட்டின் பெயரை மாற்றிவிடுகிறார்கள். நிரல் பாதியில் நிற்கிறது. திரையில் எக்செல் தெரியாது, ஆனால் டாஸ்க் மேனேஜரில் அது ஓடிக்கொண்டிருக்கும். கிரியேட் ஆப்ஜெக்ட் என்ற கட்டளை மூலம் திறக்கும் எக்செல் மறைந்தபடிதான் தொடங்கும். அதுவே ஃபைலைப் பிடித்து வைத்திருப்பதால், அடுத்து திறப்பவருக்கு ரீட்-ஒன்லி என்று வரும்.

அதனால் பிழைச் செய்தி காட்டுவது பாதி வேலைதான். எங்கே தடுக்கினாலும், திறந்த எக்செலை மூடிவிட்டு வெளியே வருவதுதான் முக்கியம்.

முதலில் ஒரு செட்டிங்கைப் பார்த்துவிடுங்கள். விபிஏ (அக்சஸில் நிரல் எழுதும் மொழி) எடிட்டரில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஜெனரல் போனால் ‘பிரேக் ஆன் ஆல் எரர்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அது தேர்வாகியிருந்தால், நீங்கள் எழுதும் பிழைப் பகுதிக்குப் போகாமல் நிரல் அங்கேயே நின்றுவிடும். ‘பிரேக் ஆன் அன்ஹேண்டில்டு எரர்ஸ்’ என்று மாற்றுங்கள்.

அடுத்து, நிரலின் எலும்புக்கூடு. கீழே உள்ள வரிகளை எடிட்டரில் ஆங்கிலத்தில் அடியுங்கள். வெளியேறு, பிழை இரண்டும் லேபிள்கள், அதாவது நிரலில் ஓர் இடத்தைக் குறிக்கும் பெயர்கள். புக், எக்செல் இரண்டும் மாறிகள்: திறந்த ஃபைலும் எக்செலும். இவற்றுக்கு உங்களுக்குப் பிடித்த பெயர் வைக்கலாம்.

ஆன் எரர் கோடூ பிழை
(எக்செலைத் திறப்பது, தரவை எழுதுவது, சேவ் செய்வது)
வெளியேறு:
ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்
புக்.குளோஸ் ஃபால்ஸ்
எக்செல்.குவிட்
செட் புக் = நத்திங்
செட் எக்செல் = நத்திங்
எக்ஸிட் சப்
பிழை:
எம்எஸ்ஜிபாக்ஸ் எர்.நம்பர் & எர்.டிஸ்கிரிப்ஷன்
ரெஸ்யூம் வெளியேறு

வேலை சரியாக முடிந்தாலும் பிழை வந்தாலும் ‘வெளியேறு’ வழியாகத்தான் போக வேண்டும். சேவ் செய்வது அதற்கு முன்பே முடிந்துவிடுவதால், குளோஸுக்கு ஃபால்ஸ் கொடுப்பதில் இழப்பு இல்லை. பாதியில் நின்ற வேலை சேமிக்கப்படாமல் போவதும் நல்லதே.

இதில் இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். வெளியேறும் பகுதியில் ரெஸ்யூம் நெக்ஸ்ட் (பிழை வந்தாலும் அடுத்த வரிக்குப் போகச் சொல்வது) இல்லையென்றால், ஃபைலே திறக்காத நிலையில் புக்.குளோஸ் 91 என்ற பிழையைத் தரும். அது பிழைப் பகுதிக்கு அனுப்பும், அங்கிருந்து மறுபடி வெளியேறு, மறுபடி பிழை என்று முடிவில்லாமல் சுற்றும். இன்னொன்று, கடைசி வரியில் ரெஸ்யூமுக்குப் பதிலாக கோடூ போடக் கூடாது. ரெஸ்யூம் வரும்வரை விபிஏ இன்னும் பிழையைக் கையாண்டுகொண்டிருப்பதாகவே நினைக்கும். அந்த நிலையில் இன்னொரு பிழை வந்தால் அதைப் பிடிக்காது.

பயனர் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் எக்செலைப் பயன்படுத்த நினைத்தால் கெட் ஆப்ஜெக்ட். எக்செல் ஓடவில்லை என்றால் அது 429 பிழை தரும். அந்த ஒரு வரிக்கு மட்டும் ரெஸ்யூம் நெக்ஸ்ட் போட்டு, உடனே ‘ஆன் எரர் கோடூ பிழை’க்குத் திரும்பிவிடுங்கள். அப்புறம் எக்செல் மாறி நத்திங்காக (காலியாக) இருந்தால் கிரியேட் ஆப்ஜெக்ட் கொடுங்கள். நிரல் முழுவதையும் ரெஸ்யூம் நெக்ஸ்டில் ஓட்டுவது ஆபத்து: தவறு நடந்ததே தெரியாமல் அரைகுறை ரிப்போர்ட் போய்ச் சேரும். எக்செலை நீங்கள் திறந்தீர்களா, பயனர் திறந்ததா என்பதை ஒரு பூலியன் (ஆம் அல்லது இல்லை) மாறியில் குறித்து வையுங்கள். நீங்கள் திறந்ததை மட்டும் குவிட் செய்யுங்கள். அடுத்தவர் வேலை செய்துகொண்டிருக்கும் எக்செலை மூடுவது பெரிய தப்பு.

புதியவர்களை அதிகம் குழப்புவது 462 என்ற பிழை. முதல் தடவை பட்டனை அழுத்தினால் ஓடும், இரண்டாம் தடவை ‘ரிமோட் சர்வர்’ இல்லை என்று சொல்லும். சர்வருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எக்செல் லைப்ரரியை ரெஃபரன்ஸில் சேர்த்துவிட்டு, ரேஞ்ச், செல்ஸ், ஆக்டிவ்ஷீட் என்று மொட்டையாக எழுதியிருப்பீர்கள். அப்போது விபிஏ உங்களுக்குத் தெரியாமல் எக்செலோடு தனியாக ஓர் இணைப்பு வைத்துக்கொள்ளும். உங்கள் குவிட் அதை விடுவிக்காது. ஷீட்.ரேஞ்ச், ஷீட்.செல்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் உங்கள் மாறியைப் போட்டால் சரியாகிவிடும். ரேஞ்சின் அடைப்புக்குள் வரும் செல்ஸையும் மறக்க வேண்டாம். பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

செய்தியைப் பயனருக்குப் புரியும்படி மாற்ற, பிழை எண்ணுக்கு ஏற்பப் பிரிக்கும் செலக்ட் கேஸ் போதும். 9 என்றால் பெரும்பாலும் அந்தப் பெயரில் ஷீட் இல்லை. 1004 பல காரணங்களுக்கு வரும் பொதுப் பிழை, ஃபைல் கிடைக்காததும் அதில் அடக்கம். அதற்கு டிஸ்கிரிப்ஷனையும் சேர்த்தே காட்டுங்கள்.

மறைந்திருக்கும் எக்செல் ஏதாவது கேள்வி கேட்டுக் காத்திருந்தால் நிரல் உறைந்தது போல நிற்கும். அதற்கு டிஸ்ப்ளே அலர்ட்ஸை ஃபால்ஸ் ஆக்கலாம். ஆனால் அதே பெயரில் பழைய ஃபைல் இருந்தால் சேவ் அஸ் கேட்காமலே அதன்மேல் எழுதிவிடும், கவனம்.

இப்போது சோதித்துப் பாருங்கள். ஷீட்டின் பெயரை நீங்களே மாற்றிவிட்டு பட்டனை அழுத்துங்கள். அடுத்து ஃபைலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு அழுத்துங்கள். பிறகு எல்லாவற்றையும் பழையபடி வைத்து, அடுத்தடுத்து இரண்டு தடவை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். நிரல் திறந்த எக்செல் அங்கே மிச்சமிருந்தால், மொட்டையாக நிற்கும் ரேஞ்சையோ செல்ஸையோ மறுபடி தேடுங்கள்.