புதிய பருவத்து அனிமேவை எடை போடுவது எப்படி? தொடக்கநிலை ரசிகருக்கு ஒரு செய்முறை

“இந்தப் பருவத்தில் உருப்படியாக ஒன்றுமே இல்லை” என்ற புலம்பலை ஆண்டுக்கு நான்கு முறை கேட்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களில் புதிய அனிமே தொடர்கள், அதாவது ஜப்பானிய அசைபடத் தொடர்கள், வரத் தொடங்கி ஒரு வாரம் ஆனதும் அது எழும்பும். அதற்கு எதிர்வாதமாக “இதுதான் இந்த ஆண்டின் சிறந்த தொடர்” என்ற முழக்கமும் அதே வாரத்திலேயே கிளம்பிவிடும். இரண்டு தரப்பும் பெரும்பாலும் ஒரே ஒரு எபிசோடைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகின்றன. இந்தச் சச்சரவில் புதிதாக நுழைகிறவர்கள் வெறும் சத்தத்தில் சிக்கிக்கொள்ளாமல், தாம் பார்த்ததைப் பற்றித் தெளிவாக ஒரு கருத்தைச் சொல்ல என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

தேவையானவை மூன்றுதான்: ஒரு குறிப்பேடு, காட்சியைச் சட்டகம் (ஃப்ரேம்) சட்டகமாக நகர்த்த வசதியுள்ள ஒரு வீடியோ செயலி, கொஞ்சம் பொறுமை. எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் 2022ஆம் ஆண்டின் இலையுதிர்ப் பருவத்திலிருந்து எடுத்திருக்கிறேன். ‘செயின்சா மேன்’, ‘பொச்சி தி ராக்’, ‘ப்ளீச்’சின் மறுவருகை, ‘மாப் சைக்கோ’வின் மூன்றாம் சீசன் ஆகியவை ஒன்றாக வந்த அந்த மூன்று மாதங்களைப் போல வாதத்துக்குத் தீனி போட்ட பருவங்கள் அரிது. கதை விவரங்கள் சில வெளிப்படும். ஸ்பாய்லர் பிடிக்காதவர்கள் கவனத்தில் கொள்ளவும்.

படி 1: பருவக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

ஜப்பானியத் தொலைக்காட்சி ஆண்டை நான்கு காலாண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு காலாண்டுக்கு ‘கூர்’ என்று பெயர். அதில் 12 அல்லது 13 எபிசோடுகள் அடங்கும். ஒரு தொடரின் ‘முதல் சீசன்’ ஒரு கூராகவும் இருக்கலாம், இரண்டு கூராகவும் இருக்கலாம். எனவே ஒளிபரப்பாகும் காலத்தைப் ‘பருவம்’ என்றும், தொடரின் பகுதியைச் ‘சீசன்’ என்றும் இந்தக் கட்டுரையில் பிரித்தே எழுதுகிறேன். வாதங்களில் இந்த இரண்டும் குழம்பிவிடுவதாலேயே பாதிச் சண்டை வருகிறது. 12 எபிசோடில் முடியும் தொடரையும் 28 எபிசோடு ஓடும் தொடரையும் மூன்றாம் வாரத்தில் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது.

புதியவர்களைத் தடுமாறச் செய்யும் இன்னொரு சங்கதியும் உண்டு. நள்ளிரவு கடந்து வரும் தொடர்களின் நேரத்தை ஜப்பானியர்கள் 25:30 என்பதுபோல எழுதுவார்கள். அது மறுநாள் அதிகாலை 1:30 என்று பொருள். நமக்கும் ஜப்பானுக்கும் மூன்றரை மணிநேர வேறுபாடு இருப்பதால், சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அப்போது இரவு மணி பத்துதான் ஆகியிருக்கும்.

படி 2: ஸ்டுடியோவின் பெயரோடு நின்றுவிடாமல் ஆட்களின் பெயரைப் பாருங்கள்

தொடக்கநிலை ரசிகர்கள் செய்யும் முதல் தவறு, ஸ்டுடியோவை வைத்துத் தரத்தைக் கணிப்பது. ‘ஒன் பஞ்ச் மே’னின் முதல் சீசன் 2015இல் மேட்ஹவுஸில் உருவானது, 2019இல் வந்த இரண்டாம் சீசனை ஜே.சி.ஸ்டாஃப் தயாரித்தது. இரண்டாவதன் சண்டைக் காட்சிகள் சோர்ந்துபோனதற்கு ஸ்டுடியோ மாறியதே காரணம் என்று இன்றுவரை சொல்கிறார்கள். ஆனால் முதல் சீசனின் பலம், இயக்குநர் ஷிங்கோ நட்சுமேவை நம்பித் திரண்டு வந்த, பெரும்பாலும் எந்த ஸ்டுடியோவுக்கும் கட்டுப்படாத ஓவியர்களின் கூட்டம். அந்த இயக்குநர் இல்லாமல், அந்தக் கூட்டமும் கலைந்த பிறகு, அதே மேட்ஹவுஸே செய்திருந்தாலும் அதே விளைவு வந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்டுடியோ என்பது சமையற்கூடம் மாதிரி, கைப்பக்குவம் சமையற்காரருடையது.

ஆகவே எந்தப் புதிய தொடரைத் தொடங்கினாலும் குறைந்தது நான்கு பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இயக்குநர், முழுத் தொடரின் கதைப்போக்கை வகுப்பவர், பாத்திர வடிவமைப்பாளர், அந்தக் குறிப்பிட்ட எபிசோடின் இயக்குநர். கடைசிப் பெயர் வாரந்தோறும் மாறும். “மூன்றாம் எபிசோடு அருமை, நான்காவது சொதப்பல்” என்று நீங்கள் உணர்வதற்கான விளக்கம் பல நேரங்களில் எண்டிங் பாடலின்போது ஓடும் எழுத்துகளிலேயே இருக்கும்.

இதன் பயனை நேரில் கண்டேன். ‘பொச்சி தி ராக்’கின் இயக்குநர் கெய்ச்சிரோ சைதோவுக்கு அதுதான் இயக்குநராக முதல் தொலைக்காட்சித் தொடர். அந்தப் பெயரைக் குறித்து வைத்திருந்தவர்கள், அடுத்த ஆண்டு அவர் வேறொரு ஸ்டுடியோவில் ‘ஃப்ரீர’னை இயக்கப்போகிறார் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஸ்டுடியோவை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தத் தொடர்ச்சி தெரிந்திருக்க வழியில்லை.

படி 3: ‘அனிமேஷன்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிரித்துக்கொள்ளுங்கள்

வாதங்களில் மிக அதிகமாக அடிபட்டு மிகக் குறைவாக விளக்கப்படும் சொல் ‘அனிமேஷன்’தான். அதற்குள் குறைந்தது மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, ஓவியம்: முகம் கோணாமல், உடலின் அளவு மாறாமல் வரையப்பட்டிருக்கிறதா? இரண்டு, அசைவு: கையை ஓங்கும்போது அதில் எடை தெரிகிறதா? மூன்று, இயக்கம்: கேமரா எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்போது வெட்டுகிறது? ஓவியம் பளிச்சென்றிருந்தும் அசைவு பொம்மைபோலிருக்கும் தொடர்கள் உண்டு. ஓவியம் வேண்டுமென்றே குலைக்கப்பட்டு, அசைவு உயிரோடு துள்ளும் காட்சிகளும் உண்டு. நன்றாக அசையும் காட்சியை ரசிகர்கள் ‘சக்குகா’ என்பார்கள். ஜப்பானியத்தில் அச்சொல்லுக்கு வெறுமனே ‘படம் வரைதல்’ என்றுதான் பொருள்.

ஒரு பயிற்சி செய்யுங்கள். நீங்கள் பார்க்கும் எபிசோடில் ஒருவர் நடக்கும் காட்சியைத் தேர்ந்து, ஒரு நொடியை மட்டும் சட்டகம் சட்டகமாக நகர்த்துங்கள். ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள். ஆனால் அந்த ஆளின் உருவம் 24 முறை மாறுவதை அனேகமாகக் காணமாட்டீர்கள். மூன்று சட்டகங்களுக்கு ஒரு முறை, அதாவது நொடிக்கு 8 படங்கள் என்பதே தொலைக்காட்சி அனிமேயில் வழக்கம். இப்போது ஒரு சண்டைக் காட்சிக்குச் சென்று அதையே எண்ணுங்கள். அடி விழும் கணத்துக்கு முன் உருவம் ஒவ்வொரு சட்டகத்திலும் மாறி, அடி விழுந்ததும் நான்கைந்து சட்டகங்களுக்கு அப்படியே உறைந்து நிற்கக்கூடும். அந்த உறைவு சிக்கனம் அல்ல. அடியின் வலியை உங்களுக்குக் கடத்துவதே அதுதான். படங்களின் எண்ணிக்கை கூடினால் தரம் கூடும் என்ற கணக்கு இங்கே உடைந்துவிடுகிறது.

இதே பயிற்சி இன்னொன்றையும் கற்றுத்தரும். வேகமான அசைவின் நடுவே நிறுத்தினால், முகம் இழுபட்டு மாவுபோல வழியும் படம் ஒன்று அகப்படும். கண் அதைத் தனியாகப் பார்க்காது, ஓட்டத்தின் பகுதியாகவே உணரும். அந்த ஒரு படத்தை வெட்டியெடுத்து “இதைப் பாருங்கள், எவ்வளவு கேவலம்!” என்று யாராவது காட்டினால், ஓடும் காட்சியைக் கேளுங்கள். வாதம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

படி 4: மாங்காவோடு ஒப்பிடும்போது குற்றச்சாட்டு எது என்று தீர்மானியுங்கள்

மாங்கா என்பது பல அனிமேக்களுக்கு மூலமான ஜப்பானியப் படக்கதை. இந்தப் படியில் சற்று நின்று செல்ல வேண்டும். ஏனெனில் காரசாரமான சண்டைகள் இங்கேதான் நடக்கின்றன. ‘செயின்சா மேன்’ தொடரை மாப்பா ஸ்டுடியோ, பல நிறுவனங்கள் பங்கு போட்டுக்கொள்ளும் வழக்கமான தயாரிப்புக் குழு முறையை விட்டு, முழுச் செலவையும் தானே ஏற்றுத் தயாரித்தது. 12 எபிசோடுகளுக்கு 12 வெவ்வேறு எண்டிங் பாடல்கள். இவ்வளவு இருந்தும் மாங்காவின் வாசகர்களில் ஒரு பகுதியினர், குறிப்பாக ஜப்பானில், கடுமையாக ஏமாற்றமடைந்தார்கள்.

நான்காம் எபிசோடில், பிசாசுகளை வேட்டையாடும் அக்கி ஹயகவாவின் காலைப்பொழுது வரும். எழுகிறான், காப்பி தயாரிக்கிறான், மாடத்தில் நின்று செய்தித்தாள் படிக்கிறான். வசனம் கிடையாது. மாங்கா இதில் இவ்வளவு நேரம் தங்குவதில்லை. இந்தக் காட்சியைப் பற்றி மூன்று விதமான புகார்கள் எழ இடமுண்டு: “இது தேவையில்லை”, “இது மாங்காவின் முரட்டுத் தொனிக்குப் பொருந்தவில்லை”, “இது மோசமாகச் செய்யப்பட்டிருக்கிறது”. மூன்றாவதை யாராலும் நிறுவ முடியாது. கோப்பையைப் பிடிக்கும் விரல்கள்கூட அவ்வளவு கவனமாக வரையப்பட்டிருக்கின்றன. முதலாவது ரசனை சார்ந்தது. உண்மையான வாதம் இரண்டாவதுதான். இயக்குநர் ரியூ நகயாமா உண்மை நடிகர்களை வைத்து எடுத்த திரைப்படம்போல அடங்கிய ஒரு தொனியைத் தேர்ந்தார். மாங்காவோ கிறுக்குத்தனமும் பாய்ச்சலும் நிறைந்தது. அந்தத் தேர்வு சரியா என்பதைப் பற்றி இரண்டு நியாயமானவர்கள் இரவு முழுக்கப் பேசலாம். ஆனால் ‘அனிமேஷன் மோசம்’ என்று தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் ஏச்சுப்பேச்சில்தான் முடியும்.

என் கருத்தைக் கேட்டால், அந்தக் காலைப்பொழுது எனக்கு வேண்டும். அந்த வீட்டுக்குள் கதாநாயகன் டென்ஜியும் சக வேட்டைக்காரி பவரும் புகுந்து எதைக் கெடுக்கிறார்கள் என்பது அந்த அமைதியைப் பார்த்தால்தான் உறைக்கிறது. அதே வேளையில், நகைச்சுவைக் காட்சிகளிலும் அதே அடக்கத்தைக் கடைப்பிடித்தது தொடருக்குப் பாதகமாகவே முடிந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

படி 5: மூன்று எபிசோடு விதியைப் பின்பற்றுங்கள், நம்பிவிடாதீர்கள்

மூன்று எபிசோடு பார்த்தபின் முடிவெடு என்பது ரசிகர்களிடையே பழகிப்போன விதி. 2011இல் வந்த ‘மடோகா மஜிகா’வின் மூன்றாம் எபிசோடு தொடரின் முகத்தையே மாற்றியதால் அது இன்னும் வலுப்பெற்றது. விடுவதா, தொடர்வதா என்று முடிவு செய்ய அந்த விதி போதும். தீர்ப்புச் சொல்லப் போதாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2021 ஜனவரியில் ‘வொண்டர் எக் பிரயாரிட்டி’ தொடங்கியபோது, முதல் நான்கு எபிசோடுகளின் அழகில் மயங்கி, கண்ணில் பட்ட நண்பர்களுக்கெல்லாம் அதைப் பரிந்துரைத்தேன். எட்டாம் எபிசோடாக வந்தது பழைய காட்சிகளின் தொகுப்பு. 12 எபிசோடுகளில் கதை முடியாமல், ஜூன் மாத இறுதியில் ஒரு சிறப்பு எபிசோடு வந்தது. அதுவும் எழுப்பிய கேள்விகளுக்கு விடை தராமல் போயிற்று. நண்பர்களில் ஒருவர் இன்றும் என் பரிந்துரை எதையும் ஏற்பதில்லை. முதல் எபிசோடில் ஒரு தயாரிப்பு தன் முழு பலத்தையும் இறக்குவது வழக்கம் என்பதும், வரைவதற்கான கால அவகாசம் வாரந்தோறும் சுருங்கிக்கொண்டே வரும் என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

படி 6: மதிப்பெண்களை வாசிக்கப் பழகுங்கள்

மைஅனிமேலிஸ்ட் போன்ற தளங்களில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இருக்கும். அதில் 7 என்றால் ‘சுமார்’ என்றே பொருள் கொள்ளுங்கள். இரண்டாம், மூன்றாம் சீசன்களின் மதிப்பெண் முதல் சீசனைவிட உயர்ந்திருந்தால் உடனே தரம் கூடிவிட்டதாக எண்ண வேண்டாம்; முதல் சீசன் பிடிக்காதவர்கள் ஏற்கெனவே விலகிவிட்டார்கள், எஞ்சியிருப்பவர்கள் அன்பர்கள்.

படி 7: ஒரு வரியைத் திருத்தி எழுதிப் பாருங்கள்

இதுவரை சேர்த்த குறிப்புகளை வைத்து உங்கள் கருத்தை எழுதுங்கள். “ஃப்ரீரன் போரடிக்கிறது, ஒன்றுமே நடக்கவில்லை” என்பதை எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பர் 29 அன்று அதன் முதல் நான்கு எபிசோடுகளை ஒன்றாகச் சேர்த்து இரண்டு மணிநேரச் சிறப்பு நிகழ்ச்சியாக ஒளிபரப்பினார்கள். அதில் விண்கல் மழை பார்த்த இரவுக்கும் அடுத்த விண்கல் மழைக்கும் இடையே 50 ஆண்டுகள் சட்டென்று கடந்துவிடுகின்றன. நண்பன் ஹிம்மல் கிழவனாகி நிற்கிறான், ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழும் இனத்தைச் சேர்ந்த ஃப்ரீரன் அப்படியே இருக்கிறாள். ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்பவர் உண்மையில் சொல்ல வந்தது அனேகமாக இதுவாக இருக்கும்: “அரை நூற்றாண்டைச் சில நிமிடங்களில் தாண்டியதால், ஹிம்மலின் இறுதிச் சடங்கில் ஃப்ரீரன் அழும்போது அந்த இழப்பை உணரும் அளவுக்கு அவனோடு நான் பழகியிருக்கவில்லை.” இதை நான் ஏற்கவில்லை, அவளும் அவனோடு போதுமான அளவு பழகவில்லை என்பதற்காகத்தான் அழுகிறாள். ஆனால் இப்படிச் சொன்னால் எனக்குப் பதில் சொல்ல இடம் இருக்கிறது. குறிப்பிட்ட எபிசோடு, குறிப்பிட்ட காட்சி, அதில் எது உங்களுக்கு எட்டவில்லை என்ற மூன்றும் உங்கள் வாக்கியத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

படி 8: பருவம் முடிந்ததும் குறிப்பேட்டைத் திறங்கள்

கடைசி எபிசோடு வந்து ஒரு வாரம் கழித்து, முதல் வாரக் குறிப்பை மறுபடி வாசியுங்கள். 2022 அக்டோபரில் ‘பொச்சி தி ராக்’ பற்றி நான் எழுதியிருந்த வரி இது: “நான்கு கட்ட நகைச்சுவை மாங்காவிலிருந்து எடுத்தது, கூச்ச சுபாவமுள்ள பெண், இசைக்குழு, மூன்று வாரத்தில் விட்டுவிடலாம்.” அதன்பின் எட்டாம் எபிசோடு வந்தது. புயல் நாளில் இசைக்குழுவின் நால்வரும் சேர்ந்து ஏறும் முதல் மேடை, விரல்விட்டு எண்ணக்கூடிய பார்வையாளர்கள். முதல் பாட்டை வேண்டுமென்றே ஒட்டாமல் வாசிக்க வைத்திருந்தார்கள். வெளியீட்டுப் பதிவோடு ஒப்பிட்டுக் கேட்டால் அந்தத் தடுமாற்றம் துல்லியமாகத் தெரியும். பார்வையாளர்கள் சலித்துப்போய் நிற்கும்போது, இரண்டாம் பாட்டுக்கு முன் கதாநாயகி ஹித்தோரி குனிந்த தலையோடு கித்தாரைத் தனியாக இழுத்து வாசிக்கத் தொடங்குகிறாள். அந்த வரியை நான் அடிக்கவில்லை. பக்கத்திலேயே வேறு நிற மையில் ‘எபிசோடு 8’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.