தினமும் அதே கமாண்டா? ஒரு ஃபைல்ல எழுதி வச்சிருங்க

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல எங்க அண்ணன் போட்டோ கடை வச்சிருக்காரு, அவரோட பழைய கம்ப்யூட்டருக்கு விண்டோஸுக்குப் பதிலா உபுண்டுங்கிற லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான், அதனால எது நின்னாலும் எனக்குத்தான் போன். அன்னன்னைக்கு எடுத்த படத்த வெளி ஹார்டிஸ்க்குக்கு காப்பி பண்ண டெய்லி ராத்திரி கையால கமாண்டு அடிப்பாரு, தைப்பூச சீசன் அலுப்புல ஒருநாள் அடிக்காமலே கடைய சாத்திட்டாரு. சரி, இனி ஸ்கிரிப்ட்தான்னு ஆரம்பிச்சோம். அவருக்கு போன்ல சொன்ன மாதிரியே இங்கயும் வாயால சொல்றேன், அடிக்கிறது மட்டும் இங்கிலீஷ் கீபோர்டுல.

ஷெல் ஸ்கிரிப்ட்னா பயப்பட ஒண்ணுமில்ல, டெர்மினல்ல (கமாண்டு அடிக்கிற ஜன்னல்) வரிசையா அடிக்கிறத அப்படியே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி வைக்கிறதுதான். அதனால மொதல்ல கையால அடிச்சு வேலை செய்யுதான்னு பாத்துட்டு அப்புறம் எழுதுங்க.

நானோங்கிற டெக்ஸ்ட் எடிட்டர்ல 'பேக்கப் டாட் எஸ்எச்'னு ஒரு ஃபைல் திறங்க. மொத வரி ஹேஷ், ஆச்சரியக்குறி, ஸ்லாஷ் பின் ஸ்லாஷ் பாஷ், இந்த ஃபைல யாரு ஓட்டணும்னு சொல்றது அதுதான், பாஷ்ங்கிறது நாம அடிக்கிற கமாண்ட வாங்கி ஓட்டுற புரோகிராம். ரெண்டாவது 'செட் மைனஸ் இயு', ஒரு கமாண்டு ஃபெயிலானா மேல போகாம அங்கயே நின்னுடும், வேரியபிள் பேர, அதாவது ஒரு மதிப்புக்கு நாம வச்ச பேர, தப்பா அடிச்சாலும் நின்னுடும். மூணாவது வரியில 'டே'ன்னு ஒரு வேரியபிள்: டே, ஈக்வல், டாலர், அடைப்புக்குறிக்குள்ள டேட், ஒரு ஸ்பேஸ், ப்ளஸ், பர்சன்ட், பெரிய எஃப். ஈக்வலுக்கு ரெண்டு பக்கமும் ஸ்பேஸ் விடாதீங்க, விட்டா டே-ன்னு ஒரு கமாண்டு இருக்கான்னு தேடப் போயிடும். இது 2025-02-11ன்னு தேதி தரும், வருஷம் முன்னாடி வர்றதால ஃபோல்டரெல்லாம் தானா வரிசையா நிக்கும். வேரியபிள் பேரு தமிழ்ல வைக்கலாமான்னு அண்ணன் கேட்டாரு, பாஷ் ஏத்துக்காது, ஃபோல்டர் பேரு தமிழ்ல இருந்தா பரவால்ல.

அப்புறம் 'எம்கேடைர் மைனஸ் பி' போட்டு டிஸ்க்குல அந்த தேதி பேர்ல ஃபோல்டர், அதுக்கு அடுத்து 'சிபி மைனஸ் ஆர்' போட்டு காப்பி. பாத், அதாவது ஃபைலும் ஃபோல்டரும் இருக்கிற இடத்தோட முகவரி, எல்லாத்தையும் டபுள் கோட்டுக்குள்ள வைங்க, இல்லன்னா 'பத்து மலை'ன்னு நடுவுல ஸ்பேஸ் விட்ட ஃபோல்டர அது பத்து தனி மலை தனின்னு ரெண்டா பிரிச்சுத் தேடும்.

சேவ் பண்ணிட்டு 'சிஎச்மாட் ப்ளஸ் எக்ஸ்', ஸ்பேஸ், ஃபைல் பேர்னு ஒரு தடவை அடிச்சாப் போதும், அதுதான் ஃபைல ஓட்ட அனுமதி, அப்புறம் ஓட்ட டாட் ஸ்லாஷ் போட்டு ஃபைல் பேர். மொத தடவை ஓட்டறப்போ எம்கேடைருக்கும் சிபிக்கும் முன்னாடி 'எக்கோ' சேத்துக்குங்க, செய்யாம என்ன செய்யப்போகுதுன்னு மட்டும் திரையில காட்டும், சரியா இருந்தா எக்கோவ எடுத்துடுங்க.

தானா ஓடணும்னா 'கிரான்டேப் மைனஸ் இ', சொன்ன நேரத்துக்கு வேலைய ஓட்டுற கிரானோட பட்டியல திறக்கிறது அதுதான். நிமிஷம் மொதல்ல, மணி அப்புறம்: 0, 22, அதுக்கப்புறம் மூணு ஸ்டார், கடைசியில ஸ்கிரிப்டோட முழு பாத். அதாவது தினம் ராத்திரி 10 மணி, ஆனா கம்ப்யூட்டர் ஆன்ல இருக்கணும்லா, ஆஃப் பண்ணிட்டுப் போனா கிரான் மறுநாள் வந்து செய்யாது. வாடகை சர்வர்னா டைம்சோனையும் பாருங்க, யூடிசி-ல (உலகப் பொது நேரம்) ஓடுற சர்வருக்கு நம்ம மலேசியா ராத்திரி 10 மணி 14 மணிதான்.

எல்லாம் ஓடுச்சு, நானும் மறந்துட்டேன். அப்புறம் ஒரு வாரம் டிஸ்க் வயர் லூசாகி கழண்டுருச்சு, ஸ்கிரிப்ட் ஒரு எரரும் காட்டல! ஏன்னா டிஸ்க்க மவுன்ட் பண்ண, அதாவது அதுல இருக்கிறத ஒரு ஃபோல்டர் வழியா காட்ட, நான் வச்ச ஃபோல்டர் எப்பவும் இருக்கும், டிஸ்க் இல்லாதப்போ அது உள் டிஸ்க்குல இருக்கிற சாதா ஃபோல்டர், எம்கேடைரும் சந்தோஷமா அதுக்குள்ளயே நாலு நாள் ஃபோல்டர் போட்டு வச்சிருக்கு. வயர மாட்டி மவுன்ட் பண்ணினா அந்த நாலு நாளையும் காணோம், அண்ணன் முகமே மாறிடுச்சு. டிஸ்க் மேல வந்து உக்காந்து மூடியிருந்துச்சு, அன்மவுன்ட் பண்ணினதும் கீழ பத்திரமா இருந்துச்சு. அதுக்குத்தான் இப்ப செட் வரிக்கு அடுத்து 'மவுன்ட்பாயின்ட்', ஸ்பேஸ், டிஸ்க்கோட பாத்னு ஒரு வரி சேத்திருக்கேன், டிஸ்க் இல்லன்னா ஸ்கிரிப்ட் அங்கயே நின்னுடும்.