எடுத்து வளர்க்கும் பிள்ளைக்கு மாறுகண் சத்திரசிகிச்சை: முதல் கிளினிக்கில் இருந்து பட்ச் வரை

மாறுகண்ணோடு ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கத்தார் "அது அதிர்ஷ்டம், வளர வளரச் சரியாகிவிடும்" என்பார்கள். பிறந்த முதல் நாலு மாதத்தில் கண் இடைக்கிடை விலகுவது வழமைதான். அதற்குப் பிறகும் விலகுகிற கண் தானாகத் திரும்பும் என்று காத்திருக்கக் கூடாது. விலகிய கண் காட்டுவதை மூளை கணக்கில் எடுக்காமல் விடப் பழகிவிடும். பழகிவிட்டால் கண்ணில் ஒரு பழுதும் இல்லாமலே அந்தக் கண்ணின் பார்வை குன்றும். இதைத்தான் சோம்பல் கண் என்கிறார்கள். 7, 8 வயதைத் தாண்டினால் அதை மீட்பது மிகக் கடினம். சிறுவர் இல்லத்தில் இரண்டு மூன்று வருடம் இருந்து வந்த பிள்ளைக்கு, பார்வையை மீட்கக்கூடிய அந்தக் காலத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே போய்விட்டது. மகவேற்பு அலுவல்கள் முடியட்டும், பிறகு கண்ணைப் பார்ப்போம் என்று தள்ளிவைக்க வேண்டாம்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். பிள்ளையை மடியில் நேராக இருத்தி, அரை மீற்றர் தூரத்தில் போன் டோர்ச்சைப் பிடியுங்கள். இரண்டு கண்மணியிலும் வெள்ளைப் புள்ளி ஒரே இடத்தில் விழ வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் புள்ளி ஓரத்துக்குப் போயிருந்தால் அது மாறுகண். மூக்கடி அகலமான சின்னப் பிள்ளைகளுக்குக் கண் உள்ளே போனதுபோலத் தெரியும், ஆனால் புள்ளி சரியாக நடுவில் நிற்கும். அது மாறுகண் அல்ல. பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கண் வைத்தியரிடம் போங்கள். அது கண்புரையாகவும் இருக்கலாம், கண்ணுக்குள் வளரும் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

பழைய விபரமும் கையெழுத்தும்

வைத்தியர் முதலில் கேட்பது "எப்போது தொடங்கியது?" என்றுதான். 6 மாதத்துக்குள் தொடங்கிய மாறுகண்ணுக்கும் இரண்டு மூன்று வயதில் தொடங்கியதற்கும் வைத்தியம் வேறு. உங்களுக்கு அது தெரிய வழியில்லை. ஆனால் பிள்ளை இருந்த இல்லத்தில் பிறந்தநாள், சரஸ்வதி பூசை, ஒளிவிழா, பெருநாள் என்று எடுத்த படங்கள் இருக்கும். அவற்றில் பிள்ளையின் முகம் நேராகத் தெரிகிறவற்றைத் திகதியோடு கேட்டு வாங்குங்கள். பிறப்பு நிறை, குறைமாதமா என்ற விபரம், சுகாதாரப் பதிவுப் புத்தகம் ஆகியவற்றையும் கேளுங்கள். குறைமாதத்தில் மிகக் குறைந்த நிறையோடு பிறந்த பிள்ளைக்கு விழித்திரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பதிவுப் புத்தகம் இல்லையென்றால் உங்கள் பகுதி மருத்துவிச்சியிடம் சொல்லி, பழைய இடத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தேடச் சொல்லலாம்.

சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து யார் போடுவது என்பதை முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள். மகவேற்புக்கான நீதிமன்றக் கட்டளை கையில் இருந்தால் நீங்கள்தான் பெற்றோர். அதன் போட்டோக்கொப்பி இரண்டை ஃபைலில் வையுங்கள். கட்டளை வருமுன் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், கையெழுத்து போடும் உரிமையும் உங்களிடம் இருப்பதாக எண்ணிக்கொண்டு போகாதீர்கள். நன்னடத்தை உத்தியோகத்தரிடம் கேட்டு, யார் ஒப்பமிட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சத்திரசிகிச்சை அன்று காலையில் வாட்டில் வைத்து இது தெரியவந்தால், பசியோடு காத்திருந்த பிள்ளையை அப்படியே திருப்பிக் கூட்டிவர வேண்டியதாகிவிடும்.

முதலில் கண்ணாடி

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ அம்பாறை பொது வைத்தியசாலையிலோ உள்ள கண் கிளினிக்கில் தொடங்கலாம். அங்கிருந்து கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலைக்குத் துண்டு தரவும் கூடும். முதல் நாளில் கண்மணியை விரிக்கும் சொட்டு விடுவார்கள். அதன் பிறகு பிள்ளைக்கு வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை மங்கும். வழமையான சொட்டு என்றால் ஒரு நாளில் தெளியும். அத்திரோபின் போட்டிருந்தால் ஒரு கிழமைக்கு மேலும் நிற்கும். முகம் சிவந்து, வாய் காய்ந்து, உடம்பு சுட்டால் அது அத்திரோபின் கூடியதன் அறிகுறி. சொட்டை நிறுத்திவிட்டு உடனே வைத்தியருக்குக் காட்டுங்கள்.

உள்பக்கம் திரும்பும் மாறுகண்ணில் ஒரு பெரும் பங்கு தூரப்பார்வைக் குறையால் வருவது. அதற்கு முழு நேரமும் கண்ணாடி போட்டாலே கண் நேராகலாம். கண்ணாடி போட்ட பிறகும் மிஞ்சி நிற்கும் விலகலுக்குத்தான் கத்தி. ஆகவே "ஒப்பரேசன் செய்யத்தானே போகிறோம், கண்ணாடி எதற்கு?" என்று அதைக் கழற்றி வைத்தால், வைத்தியர் அளக்கும் விலகலும் பிழைக்கும், சத்திரசிகிச்சையும் பிழைக்கும். வில்லை பிளாஸ்ரிக்கில் இருக்கட்டும். காதுக்குப் பின்னால் இலாஸ்ரிக் பட்டி போட்டால் கழன்று விழாது. இந்தக் கட்டத்திலேயே பட்ச் ஒட்டவும் சொல்லலாம்; குன்றிய கண் பார்க்கப் பழகும்படி நல்ல கண்ணை மூடி ஒட்டும் துண்டுதான் அது.

"இல்லை" என்று சொல்லாதீர்கள், "தெரியாது" என்று சொல்லுங்கள்

எடுத்து வளர்க்கும் பிள்ளையின் விடயத்தில் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். மயக்க மருந்து வைத்தியர் வரிசையாகக் கேட்பார்: குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துவராமல் போனதா, இரத்தம் நிற்காத நோய் உண்டா, தசை நோய் உண்டா, தலசீமியா உண்டா? பதற்றத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று தலையாட்டுவது எளிது. அவரோ அந்த "இல்லை"யை நம்பித்தான் மருந்தைத் தெரிவுசெய்வார். சில குடும்பங்களில் குறிப்பிட்ட மயக்க வாயுவுக்கு உடற்சூடு ஆபத்தான அளவுக்கு ஏறும் பரம்பரைக் கோளாறு உண்டு. தசையைத் தளர்த்தும் ஒரு மருந்து சிலருக்கு மணிக்கணக்கில் விலகாமல் நிற்கும், அதுவும் பரம்பரைதான். குடும்ப வரலாறு தெரியாது என்று அறிந்தால் அவர் அதற்கேற்ற மருந்தை எடுப்பார், வேண்டிய இரத்தப் பரிசோதனையும் செய்விப்பார்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கேள்விகள் பிள்ளைக்கு முன்னால், நாலு பேருக்கு நடுவில் கேட்கப்படும். ஒரு தாளில் இப்படி எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் குத்திவிடுங்கள்: "பிள்ளை எங்களிடம் வந்தது இத்தனை வயதில். பெற்ற தாய் தந்தையின் நோய் விபரம் தெரியாது. முன்பு மயக்க மருந்து கொடுத்ததா என்பதும் தெரியாது. பிள்ளைக்கு முன்னால் இதைக் கேட்க வேண்டாம்." கொழும்புக்குப் போவதென்றால் இதையே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுவித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கட்டில்காரர் "யாரைப் போல இருக்கிறான்?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

பிள்ளையைத் தயார்படுத்துவது

வரிசைக் கட்டில், ஒரே நிற விரிப்பு, சீருடைப் பெண்கள். இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு வாட் அந்தப் பழைய இடம்போலத்தான் தெரியும். "என்னைத் திரும்ப விடப் போகிறார்கள்" என்ற பயம் ஊசிப் பயத்தை விடப் பெரியது. கடைக்குப் போகிறோம், கோச்சியில் சும்மா போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு முன்பே எளிமையாகச் சொல்லுங்கள்: கண்ணை நேராக்க டொக்டர் உன்னை நித்திரையாக்குவார், எழும்பும்போது அம்மா பக்கத்தில் இருப்பேன், மூவரும் சேர்ந்து வீட்டுக்கு வருவோம். அம்மாவோ உம்மாவோ, வாப்பாவோ அப்பாவோ, சொன்ன ஆள்தான் கண் விழிக்கும் நேரத்தில் நிற்க வேண்டும். மயக்கம் தெளியும் அறைக்குள் விடுவார்களா என்று முதல் நாளே கேட்டுவையுங்கள். வழமையாகக் கட்டிக்கொண்டு படுக்கும் சேலைத் துண்டையோ பொம்மையையோ தோய்க்காமல் கொண்டுபோங்கள், மணம் முக்கியம். சொட்டு விடுவதை ஒரு கிழமைக்கு முன்பே வெறும் தண்ணீரால் பொம்மைக்கு விட்டுப் பழக்கலாம்.

சத்திரசிகிச்சை நாள்

கட்டிச் சாப்பாடும் பாலும் 6 மணித்தியாலத்துக்கு முன் நிறுத்த வேண்டும், தாய்ப்பால் என்றால் 4 மணித்தியாலம். வெறும் தண்ணீர் 2 மணித்தியாலம் வரை கொடுக்கலாம். வாட்டில் வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். அழுகிறதே என்று பின்னால் இருந்து ஒரு பிஸ்கட்டைக் கொடுக்கும் மாமியைக் கவனியுங்கள். மயக்கத்தில் அது வாந்தியாகி நுரையீரலுக்குள் போகலாம். தடிமன், இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு முதல் நாலு கிழமை தள்ளிப்போடுவார்கள். தூரத்தில் இருந்து வந்துவிட்டோமே என்று ஒளித்தால் மூச்சுக்குழல் இறுகும் ஆபத்து உண்டு.

கண்ணை வெளியே எடுத்துச் செய்வதில்லை. கண்ணைத் திருப்பும் தசையை அது ஒட்டியிருக்கும் இடத்தில் இருந்து பிரித்து, சில மில்லிமீற்றர் தள்ளிக் கரையும் நூலால் தைப்பார்கள். பெரும்பாலும் ஒரு மணித்தியாலம் அளவில் முடியும். ஒரு கண் மட்டும் விலகியிருந்தாலும் இரண்டிலும் செய்யலாம்; அது தவறு அல்ல. ஒரு தடவையில் முழுமையாக நேராகாமல், பிறகு இன்னொரு தடவை செய்ய வேண்டிவருவதும் அபூர்வம் அல்ல.

மயக்கம் தெளியும் முதல் அரை மணித்தியாலத்தில் பிள்ளை உங்களையே அடையாளம் தெரியாததுபோல் உதைத்துக் கத்தலாம். அது மருந்தின் குழப்பம். கண்ணைக் கசக்காதபடி கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டே இருங்கள். இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின் வாந்தி அதிகம் வரும். தண்ணீர் இரண்டு மிடறில் தொடங்குங்கள், ஒரு மணித்தியாலம் நின்றால் கஞ்சி கொடுக்கலாம். அன்றைக்கே கொழும்பில் இருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் திரும்புவதைத் தவிருங்கள். மறுநாள் காட்டிவிட்டு வருவது நல்லது.

வீட்டில்

முதல் நாள் கண்ணீர் இளஞ்சிவப்பாக வரும். வெள்ளை விழி இரத்தச் சிவப்பாக இருக்கும், வடிய மூன்று கிழமை செல்லலாம். இமை வீங்கும். பல பிள்ளைகள் ஒரு நாள், இரண்டு நாள் கண்ணைத் திறக்கவே மாட்டார்கள். விரலால் பிரிக்காதீர்கள். அறையை மங்கலாக வைத்தால் தானாகத் திறப்பார்கள்.

காலையில் பீளை ஒட்டியிருந்தால் கொதித்தாறிய தண்ணீரில் சுத்தமான கோஸ் துண்டை நனைத்து, மூக்குப் பக்கத்தில் இருந்து காதுப் பக்கம் ஒரே இழுப்பில் துடையுங்கள். ஒரு துண்டு ஒரு இழுப்புக்குத்தான். மற்றக் கண்ணுக்கு வேறு துண்டு.

சொட்டு விடும்போது கட்டிப்பிடிச் சண்டை வேண்டாம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிள்ளையைத் தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லுங்கள். மூக்கோரக் குழியில் ஒரு சொட்டு விட்டு, "இப்போது மேலே கூரையைப் பார்" என்றால், கண் திறந்ததும் மருந்து தானாக உள்ளே வழியும். பிறகு அந்த மூலையை விரலால் ஒரு நிமிடம் மெல்ல அழுத்துங்கள். இரண்டு வகை மருந்து இருந்தால் இடையில் 5 நிமிடம், களிம்பு கடைசியில். போத்தல் நுனி இமையில் படக் கூடாது. திறந்த திகதியை அதில் எழுதுங்கள், 28 நாளுக்குப் பின் எறிந்துவிடுங்கள். இந்தச் சொட்டில் பெரும்பாலும் ஸ்டீரொயிட் இருக்கும். வைத்தியர் சொன்ன நாளுக்கு மேல் பாமசியில் நீங்களாக வாங்கிவிட்டால் கண்ணழுத்தம் கூடும்.

நோவுக்குப் பரசிட்டமோல். கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒரு தரம், நாளைக்கு நாலு தரத்துக்கு மேல் வேண்டாம். 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் ஏழரை மில்லிலீற்றர். அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மாரி காலத்தில் காய்ச்சல் டெங்காகவும் இருக்கலாம் என்பதால் இபுபுரோஃபெனையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

தாய்ப்பால் பீச்சுவது, நந்தியாவட்டைச் சாறு, தேன், கண்மை எதுவும் வேண்டாம். தையல் ஆறாத கண்ணில் அவை கிருமியைக் கொண்டுபோய் விடும். கிணற்றடியில் வாளியால் தலைக்கு ஊற்றுவதை இரண்டு கிழமை நிறுத்தி, தலையைப் பின்னால் சாய்த்துக் கழுவுங்கள். கடல், வாவி, குளம் நாலு கிழமைக்கு இல்லை. மட்டக்களப்பு முற்றங்கள் மணல் முற்றங்கள். பிள்ளை மணலை அளைந்த கையோடு கண்ணைக் கசக்கும். இரண்டு கிழமைக்கு பாய் விரித்து உள்ளே விளையாட விடுங்கள். கச்சான் காற்று வீசும் காலத்திலும், அம்பாறைப் பக்கம் வயல் வெட்டும் நாட்களிலும் தூசுக்குத் தொப்பியும் கண்ணாடியும் வேண்டும். நேசரிக்கு ஒரு கிழமைக்குப் பின் அனுப்பலாம்.

கோப்பையை எட்டும்போது தவறவிடுவதும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதும் இரட்டையாகத் தெரிவதால். பெரும்பாலும் சில நாளில் அடங்கும். ஆனால் இரண்டாம் நாளுக்குப் பிறகு நோவும் வீக்கமும் குறையாமல் கூடினால், மஞ்சள் சீழ் வந்தால், காய்ச்சலோடு பிள்ளை சோர்ந்தால், பார்வை மங்கினால், கண் திடீரென ஒரு பக்கம் ஒதுங்கி அசையாமல் நின்றால், இரவாக இருந்தாலும் கிட்டிய பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள். தசை தையலில் இருந்து நழுவியிருந்தால் அதைச் சீக்கிரமே திருத்த வேண்டும்.

நேரான கண்ணும் பார்க்கும் கண்ணும்

சத்திரசிகிச்சை கண்ணை நேராக்கும். குன்றிய பார்வையை அது தராது. படத்தில் கண் அழகாகத் தெரிந்ததும் கிளினிக்கை விட்டுவிடும் குடும்பங்களில்தான் பிள்ளையின் ஒரு கண் வீணாகப் போகிறது. கண்ணாடி தொடர வேண்டும், வைத்தியர் சொன்னால் பட்சும் தொடர வேண்டும்.

பட்ச் ஒட்ட வேண்டியது நன்றாகப் பார்க்கும் கண்ணில். கண்ணாடி வில்லையில் ஒட்டினால் பிள்ளை ஓரத்தால் எட்டிப் பார்க்கும்; தோலில்தான் ஒட்ட வேண்டும். சோம்பல் கண் நடுத்தர அளவு என்றால் பொதுவாக நாளைக்கு 2 மணித்தியாலம், கடுமை என்றால் 6 வரை. அந்த நேரத்தில் படம் வெட்டுவது, நிறம் தீட்டுவது, பயறு பொறுக்குவது என்று கிட்ட வேலை கொடுங்கள், நித்திரையில் ஒட்டிப் பலன் இல்லை. கடையில் பட்ச் கிடைக்காவிட்டால் கோஸை மடித்து வைத்து மைக்ரோபோர் பிளாஸ்டரால் ஒட்டலாம். வெந்நீரில் நனைத்து உரித்தால் தோல் புண்ணாகாது. முதல் கிழமை பிள்ளை பிடுங்கி எறியும்; பத்து நிமிடத்தில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டுங்கள். தண்டனையாக ஒருபோதும் ஒட்டாதீர்கள்.

சொன்ன நேரத்தை விடக் கூட்டினால் நல்ல கண் மங்கக்கூடும். அதனால் சொன்ன திகதியில் கட்டாயம் காட்ட வேண்டும். திருக்கோவில், பொத்துவில் பக்கம் இருந்து வருவோர் பஸ் தவறினால் அந்தத் திகதியை விட்டுவிடாமல், அடுத்த கிளினிக் நாளிலேயே கொப்பியோடு போங்கள். போகும்போது பட்ச் ஒட்டிய மணித்தியாலங்களை ஒரு கலண்டரில் குறித்துக் கொண்டுபோனால், நேரத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று வைத்தியர் அதைப் பார்த்தே சொல்வார்.