பழைய காருக்கு பீடிங் தேடிப் போகும்போது

பீடிங் என்றால் கதவு, கண்ணாடி ஓரங்களில் ஓடும் ரப்பர் பட்டை. அதற்காக பெங்களூர் ஜே.சி. ரோட்டில் ஸ்பேர்ஸ் கடைக்காரரிடம் போய் "ஹெரால்ட் பீடிங் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். இல்லை என்றுதான் பதில் வரும், அதுவும் நீங்கள் கேட்டு முடிக்கும் முன்னாலேயே. கையில் பழைய பீடிங்கில் ஒரு அங்குலத் துண்டை வைத்துக்கொண்டு "இந்த மாதிரி என்ன இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அதே ஆள் பரண் மேல் ஏறி நாலு சுருளை எடுத்துக் கீழே போடுவார், ஒன்று அம்பாசடருடையது, ஒன்று பஸ் கண்ணாடிக்கு, ஒன்று எதற்கென்று அவருக்கே தெரியாது, ஆனால் உங்களுக்கு வேண்டியது அதுவாகவே இருக்கலாம்.

இந்தச் சின்ன விஷயம் எனக்குப் புரிய எட்டு மாதம் ஆனது. எங்களிடம் இருப்பது பெரியப்பா விட்டுப்போன ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், நாலு கதவு. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை வைத்து மெட்ராஸில் செய்த வண்டி, இப்போது பெங்களூரில் அல்சூர் வீட்டு வாசலில் நிற்கிறது. ஹெரால்ட் என்றதும் இங்கிலாந்தில் எல்லாம் கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும், ரிம்மர் பிரதர்ஸ் மாதிரி டிரையம்ஃப் வண்டிகளுக்குச் சாமான் விற்கும் கடைகள் இருக்கின்றன. ஆனால் இங்கிலாந்து ஹெரால்டில் நாலு கதவு கிடையவே கிடையாது. 1968இல் மெட்ராஸ்காரர்கள் நம் ஊருக்கென்று போட்ட உருவம் அது. ஆகவே பின்கதவு ரப்பரும் பின்கதவுக் கண்ணாடி ஏறி இறங்கும் சேனலும் உலகத்தில் எந்தக் கடை அட்டவணையிலும் இருக்காது. ஹெரால்டுக்கு அப்புறம் வந்த ஸ்டாண்டர்ட் கேஸல் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். பத்மினி, அம்பாசடர் வைத்திருப்பவர்கள் பாடு இவ்வளவு மோசமில்லை, அம்பாசடர் 2014 வரை ஓட்டமாக வந்துகொண்டிருந்த வண்டி, ரப்பர் இன்னும் சந்தையில் இருக்கிறது. ஆனால் தரம் கடைக்குக் கடை மாறும், அதனால் கீழே சொல்வது அவர்களுக்கும் பொருந்தும்.

முதல் வேலை, பழசைத் தூக்கிப் போடாமல் இருப்பது. டிங்கரிங் ஆரம்பித்த அன்று "இந்தக் குப்பையெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்டார்கள், நானும் பெரிய மனசோடு தலையாட்டினேன். அன்றைக்குச் சாக்கடை ஓரம் போன ரப்பருக்காக அப்புறம் நான் அலைந்த அலைச்சலைச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். கருகி, வெடித்து, கல்லாகிப் போன துண்டாக இருந்தாலும் சரி, ஒவ்வொன்றையும் ஒரு கவரில் போட்டு எந்தக் கதவு, எந்தப் பக்கம், எது மேல், எது கீழ் என்று மார்க்கரில் எழுதி வையுங்கள். கிளிப், திருகு, கண்ணாடி இடுக்கில் சொருகும் ஃபெல்ட், அடியில் இருக்கும் தகரப் பட்டை, எல்லாமே. கழற்றும் முன் போனில் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள்.

அப்புறம் குறுக்குவெட்டு. புது பிளேடால் ரப்பரை நேராக ஒரே இழுப்பில் வெட்டி, வெட்டிய முகத்தை கிராஃப் தாளில் வைத்து வரைந்துகொள்ளுங்கள், அல்லது ஸ்கேனர் மேல் வைத்து அளவுகோலோடு ஸ்கேன் செய்யுங்கள். எங்கே வெட்டுவது என்பதும் முக்கியம். வெயில் பட்ட பகுதி சுருங்கியிருக்கும், அதை அளந்தால் புதியதும் சிறியதாக வந்துவிடும். குரோம் பட்டைக்கு அடியில், கதவின் கீழ் மூலையில் என்று வெயில் எட்டாத இடத்தில் வெட்டுங்கள்.

முன்கண்ணாடி ரப்பரில் பார்க்க வேண்டியவை மூன்று: கண்ணாடி உட்காரும் பள்ளத்தின் அகலம், பாடித் தகடு உட்காரும் பள்ளத்தின் அகலம், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுவரின் தடிமன். எல்லாரும் முதல் இரண்டைப் பார்த்துவிட்டு மூன்றாவதை விட்டுவிடுவார்கள். அந்தச் சுவர் இரண்டு மில்லிமீட்டர் கூடினால் சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் கூடும், கண்ணாடி ஓட்டைக்குள் போகவே போகாது, நீங்கள் கண்ணாடியைத்தான் திட்டிக்கொண்டிருப்பீர்கள். கண்ணாடியையும் புதிதாக மாற்றுகிறீர்கள் என்றால் முதலில் அதை வாங்கி தடிமன் அளந்துவிட்டு ரப்பருக்குப் போங்கள். பழைய டஃபன்ட் (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடிக்கும் இன்றைய லேமினேட்டட் (இரண்டு தாள் ஒட்டிய) கண்ணாடிக்கும் தடிமன் ஒத்துப்போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதேபோல பாடித் தகட்டையும் டிங்கரிங், பெயின்ட் முடிந்த பிறகு அளக்க வேண்டும். துருப்பிடித்த ஓரத்தில் ஒட்டுப்போட்டு, புட்டி பூசி, மூன்று கோட் பெயின்ட் அடித்தால் அந்த ஓரம் கம்பெனி விட்ட தடிமனில் இருக்காது.

கதவு ரப்பருக்குப் பழைய துண்டே இல்லையென்றால் என்ன செய்வது? என் நிலைமை அதுதான். வீட்டில் சப்பாத்தி மாவு இருக்கிறதல்லவா, அதைக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து, விரல் தடிமனுக்கு உருட்டி, மெல்லிய பிளாஸ்டிக் கவரில் சுற்றி, கதவுச் சட்டத்தில் ஐந்தாறு இடத்தில் ஒட்டிக் கதவை மெதுவாகச் சாத்துங்கள். திறந்து நசுங்கிய மாவின் தடிமனை வெர்னியரில் அளங்கள். இதுதான் உங்கள் இடைவெளி. ஸ்பாஞ்ச் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு நசுங்கினால் போதும் என்ற கணக்கில், இடைவெளி எட்டு மில்லிமீட்டர் என்றால் பன்னிரண்டு மில்லிமீட்டர் ரப்பர் பாருங்கள். கீல் பக்கம் ஒரு அளவும் பூட்டுப் பக்கம் இன்னொரு அளவும் வந்தால் அது ரப்பர் பிரச்சினை இல்லை, கதவு தொங்கியிருக்கிறது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். (வீட்டுக்காரம்மா மாவைத் தேடும்போது நீங்கள் ஷெட்டில் இருப்பது நல்லது.)

சரி, எங்கே போவது? டவுன்ஹாலில் இருந்து மினர்வா சர்க்கிள் பக்கம் போகும் ஜே.சி. ரோடுதான் ஆரம்பம். காலையில் போங்கள், மதியத்துக்கு மேல் அவர்களுக்கும் பொறுமை இருக்காது, உங்களுக்கு வண்டி நிறுத்தவும் இடம் இருக்காது. பெரிய கடைகளைவிட கண்ணாடி, பீடிங், மேட் மட்டும் வைத்திருக்கும் சின்னக் கடைகளில்தான் பழைய சுருள்கள் கிடக்கும். அடுத்து கலாசிபாளையம் பக்கம், பஸ், லாரி பாடி கட்டுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகள். கார்க்காரர்கள் இங்கே வருவதே இல்லை, ஆனால் கண்ணாடியைப் பிடித்து நடுவில் ஃபில்லர் சொருகிப் பூட்டும் ரப்பர், U வடிவ எட்ஜ் பீடிங், டி-பீடிங், வெல்வெட் சேனல் எல்லாம் மீட்டர் கணக்கில் இங்கே கிடைக்கும். என் பின்கதவு கண்ணாடிச் சேனல் கடைசியில் இங்கேதான் கிடைத்தது, ஏதோ மினி பஸ்ஸுக்கானதாம்.

டிரிம் சாமான், அதாவது மோல்டிங் (பாடியில் ஓடும் உலோகப் பட்டை), வீல் கப், மோனோகிராம் (வண்டிப் பெயர்ப் பட்டை), கதவுக் கைப்பிடி இவற்றுக்கு சிவாஜிநகர் குஜரி, அதாவது பழைய சாமான் சந்தை. அங்கே தமிழ் தாராளமாகச் செல்லும், பாதிக் கடையில் "வாங்கண்ணே" என்றுதான் வரவேற்பு. ஆனால் "வின்டேஜ்" என்ற வார்த்தையை வாயில் விடாதீர்கள், விலை அந்த நிமிடமே ஏறிவிடும். "பழைய வண்டி பாய், ஓட்டிட்டு இருக்கேன்" என்றால் போதும். ஒரே நாளில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காமல், ஒரு கடையில் போன் நம்பரும் படமும் கொடுத்துவிட்டு மாதம் ஒருமுறை ஒரு டீ குடிக்கப் போய்வாருங்கள். எனக்கு வலது பக்க மோல்டிங் அப்படித்தான் ஐந்தாவது டீயில் வந்தது.

கடையில் ரப்பரைக் கையில் எடுத்ததும் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்கு: ஒரு ஆணியைச் சூடாக்கி வெட்டுத் துண்டில் வையுங்கள். உருகி இழுத்தால் அது பி.வி.சி. வகை, ரப்பர் இல்லை. நம் வெயிலில் சில வருடத்திலேயே விறைத்துச் சுருங்கிவிடும். உருகாமல் கருகினால் ரப்பர். அடுத்து, துண்டை இரண்டாக மடித்து ஒரு நாள் கிளிப் போட்டு வையுங்கள், மடிப்பில் கோடு கோடாக வெடிப்பு தெரிந்தால் பல வருடம் அலமாரியில் கிடந்த பழைய ஸ்டாக். வெள்ளைத் தாளில் அழுத்தி வைத்து மறுநாள் எண்ணெய்க் கறை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், பெயின்டில் கறை ஏறும். முடிந்தால் ஈ.பி.டி.எம். ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள், வெயிலையும் ஓசோனையும் தாங்குவதில் இயற்கை ரப்பர் அதன் கிட்டே வராது. ஆனால் ஈ.பி.டி.எம். பெட்ரோல், கிரீஸ், வாசலின் எதையும் தாங்காது, உப்பிப் போகும். பெட்ரோல் மூடிக்கு அடியில் போடும் வாஷருக்கு அது வேண்டாம், நைட்ரைல் ரப்பர் போடுங்கள்.

எங்குமே கிடைக்காத வடிவம் என்றால் பீன்யா தொழிற்பேட்டை. ரப்பர் எக்ஸ்ட்ரூஷன் (அச்சு வழியே பிதுக்கி நீளமாக எடுப்பது) போடும் சின்னச் சின்ன யூனிட்டுகள் அங்கே உண்டு. வரைபடம், பழைய துண்டு, கடினம் எத்தனை ஷோர் (ரப்பர் கடினத்தின் அளவு) என்ற மூன்றும் கொண்டுபோனால் பேசுவார்கள். கண்ணாடி ரப்பர் என்றால் 60இல் இருந்து 70 ஷோர் ஏ, கதவுக்கு ஸ்பாஞ்ச். டை, அதாவது அச்சுச் செலவு ஒருமுறைதான், ஆனால் பத்து மீட்டருக்காக மெஷினை ஓட்ட மாட்டார்கள், குறைந்தது இத்தனை மீட்டர் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். இங்கேதான் அதே வண்டி வைத்திருக்கும் இன்னும் நாலு பேர் வேண்டும். சென்னை, கோயம்புத்தூர், ஹைதராபாத் என்று ஆள் பிடித்துப் பணம் சேர்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள், ஆர்டர் கொடுத்துவிட்டு ஆள் பிடிக்காதீர்கள். முதலில் ஒரு மீட்டர் மாதிரி வாங்கி வண்டியில் வைத்துப் பார்க்காமல் மீதிக்குத் தலையாட்டவும் வேண்டாம். கிரோமெட் (ஒயர் போகும் ஓட்டையில் சொருகும் ரப்பர் வளையம்), கதவு பம்ப் ஸ்டாப் (கதவு மோதும் ரப்பர் குமிழ்) மாதிரிச் சின்னச் சாமானுக்கு டை எல்லாம் வேண்டாம். நல்லதாக ஒன்று இருந்தால் சிலிக்கான் அச்சு எடுத்து பாலியூரிதேன் ஊற்றிக்கொள்ளலாம், வீட்டு மொட்டைமாடியிலேயே ஆகிற வேலை.

இங்கிலாந்தில் இருந்து வரவழைப்பதாக இருந்தால் முன்பக்கச் சாமானோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதையும் உங்கள் அளவுகளை மெயிலில் அனுப்பிக் கேட்டுவிட்டு. ரப்பர் கனமான பொருள், தபால் செலவு சாமான் விலையைத் தொட்டுவிடும், அதற்கு மேல் கஸ்டம்ஸ். தெரிந்தவர் யாராவது லீவுக்கு வரும்போது பெட்டியில் போட்டுவரச் சொல்வதுதான் நம் ஊர் வழி.

உலோக டிரிம்மைப் பற்றி ஒரே ஒரு விஷயம்: மாற்றுவதற்கு முன் இருப்பதைச் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள். ஸ்டெயின்லெஸ் மோல்டிங்கில் விழுந்த நெளிவை உள்பக்கத்தில் இருந்து சின்னச் சுத்தியலால் தட்டி எடுத்து, 400, 600, 1000 எமரி தாள் வரிசையாகத் தேய்த்து பஃப் அடித்தால் புதிது மாதிரி வந்துவிடும். காந்தம் ஒட்டுகிறதே, அப்போ இரும்புதானே என்று ஏமாறாதீர்கள், கார் மோல்டிங்குகளுக்குப் போடும் ஸ்டெயின்லெஸில் காந்தம் ஒட்டும் ரகமும் உண்டு. குழி விழுந்த துத்தநாக வார்ப்பு மோனோகிராமை மட்டும் தெரியாத பிளேட்டிங் கடையில் கொடுக்காதீர்கள். பஃப் அடித்தே எழுத்தைக் கரைத்துவிடுவார்கள், ஒருமுறை எனக்கு 'ஸ்டாண்டர்ட்' போய் வெறும் பட்டை திரும்பி வந்தது. செம்பு ஏற்றிக் குழியை நிரப்பி, அதன் மேல் நிக்கல், அதன் மேல் குரோம் என்று மூன்று படியும் சொல்கிறவரிடம் கொடுங்கள்.

மாட்டும்போது ரப்பரை இழுத்து நீட்டாதீர்கள். இழுத்து மாட்டியது இரண்டு மாதத்தில் பழைய நீளத்துக்குத் திரும்பி, இணைப்பில் வாய் பிளந்து நிற்கும். நாலு மீட்டருக்கு நாலு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, உள்ளே தள்ளித் தள்ளி உட்கார வையுங்கள். இணைப்பு மூலையில் வேண்டாம், கண்ணாடிக்கு மேல் நடுவில், கதவுக்குக் கீழே. கண்ணாடி ஏற்றுவதற்கு, ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, தகடு உட்காரும் பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றிலும் வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியில் ஒருவர் உள்ளங்கையால் அழுத்த உள்ளே ஒருவர் கயிற்றை இழுக்க வேண்டும். இரண்டாவது ஆள் பொறுமைசாலியாக இருக்க வேண்டும், என் மச்சான் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் ஓஸால் கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடியுங்கள். மேலிருந்து அடித்தால் எங்கே ஒழுகுகிறது என்று பிடிக்க முடியாது, எல்லாம் ஒன்றாக வழியும். எனக்கு இடது பின்கதவில் இன்னும் ஒரு சொட்டு வருகிறது, மாவு வைத்து மறுபடி அளந்தாயிற்று, பதினான்கு மில்லிமீட்டர் ஸ்பாஞ்சுக்குச் சனிக்கிழமை கலாசிபாளையம் போகிறேன்.