தூக்க மருந்து நரம்பு செல்லுக்குள் கால்சியம் நுழைவதைக் குறைக்கிறதா? ஃபியூரா-2 சாயத்தால் அளக்கும் முறை

பென்டோபார்பிட்டல் என்னும் தூக்க மருந்தை விட்டதும், செல்லைத் தூண்டும்போது வரும் கால்சியம் உச்சம் இறங்கினால், கால்சியம் நுழையும் வாசலான கால்சியம் சேனல் அடைபட்டது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. அதே மருந்து, வளர்ந்த செல்லை அடக்கும் காபா ஏற்பியையும் திறக்கிறது. அந்த வழியிலும் கால்சியம் குறையும். இரண்டையும் பிரித்தறிவதில்தான் சோதனையின் உயிரே இருக்கிறது.

எலிக் குட்டியின் ஹிப்போகேம்பஸ் (மூளையின் நினைவுப் பகுதி) செல்களைக் கவர்ஸ்லிப்பில் (மெல்லிய கண்ணாடித் தகட்டில்) 10 முதல் 14 நாள் வளர்த்து எடுங்கள். அதைவிட இளம் செல்லுக்குள் குளோரைடு அதிகம். அங்கே காபா செல்லைத் தூண்டிவிடும், மருந்து விட்டதும் கால்சியம் ஏறும்.

பஃபர், மில்லிமோலாரில்: சோடியம் குளோரைடு 140, பொட்டாசியம் குளோரைடு 5, கால்சியம் குளோரைடு 2, மெக்னீசியம் குளோரைடு 1, குளுக்கோஸ் 10, ஹெப்பிஸ் 10, பிஎச் 7.4. இதில் 2 மைக்ரோமோலார் ஃபியூரா-2 ஏஎம் (செல்லுக்குள் புக உதவும் ஏஎம் பகுதி ஒட்டிய சாயம்) கலந்து, இருட்டில் அறை வெப்பத்தில் 30 நிமிடம் வையுங்கள். 37 டிகிரியில் சாயம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் புகுந்துவிடும். கழுவிய பிறகு இன்னொரு 30 நிமிடம் பொறுங்கள். ஏஎம் பகுதி வெட்டுப்படாத சாயம் கால்சியத்தைப் பிடிக்காமலே ஒளிரும்.

தூண்டலுக்குப் பொட்டாசியத்தை 50 ஆக்கி, சோடியத்தை 95-க்குக் குறையுங்கள். 10 விநாடி விட்டு, 5 நிமிடம் கழுவுங்கள். 340, 380 நானோமீட்டர் ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சி, 510-இல் வரும் ஒளியின் விகிதத்தை, அதாவது கால்சியம் அளவின் குறியீட்டை, பதியுங்கள். மருந்தில்லாமல் இரு முறை இப்படித் தூண்டுங்கள்; அந்த இரு உச்சங்களும் ஒத்துவராத செல்லை ஒதுக்கிவிட்டு மருந்துக்குப் போகலாம். கடைசியில் மருந்தைக் கழுவி மீண்டும் தூண்டுங்கள். உச்சம் திரும்பவில்லையென்றால் செல்லே நலிந்திருக்கலாம். அந்தப் பதிவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பென்டோபார்பிட்டல் அளவு 50, 100, 200, 400 மைக்ரோமோலார். 400-இல் மட்டும் தெரியும் விளைவை வைத்துத் தூக்கத்தை விளக்க முடியாது. பென்டோபார்பிட்டல் சோடியம் காரத்தன்மை உடையது; கரைத்தபின் பிஎச்சை மறுபடி 7.4-க்குக் கொண்டுவர வேண்டும். காரம் ஏறினால் கால்சியம் ஓட்டம் தானாகவே கூடி, மருந்தின் தடையை மறைத்துவிடும். வேறு தூக்க மருந்துகளைச் சோதித்தால், டயஸிபாமைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் 0.1 சதவீதத்தைத் தாண்டாமல், மருந்தில்லாத கரைசலிலும் அதே அளவு இருக்கட்டும். புரோபோஃபால் பிளாஸ்டிக் குழாயில் ஒட்டிக்கொள்ளும்; கண்ணாடியும் டெஃப்லானும் நல்லது.

எல்லாக் கரைசலிலும் சோடியம் சேனலை அடைக்கும் டெட்ரோடோடாக்சின் 1, செல்களைத் தூண்டும் குளூட்டமேட் ஏற்பிகளை அடைக்கும் சிஎன்க்யூஎக்ஸ் 10, ஏபி5 50 மைக்ரோமோலார் இருக்க வேண்டும். பிறகு காபா ஏற்பியை அடைக்கும் பிக்ரோடாக்சின் 100 மைக்ரோமோலார் சேர்த்து முழுச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். முன்னவை இல்லாமல் பிக்ரோடாக்சினை விட்டால் செல்கள் கூட்டமாகத் துடித்து அளவையே கெடுக்கும். காபா வழி அடைபட்ட பின்னும் உச்சம் குறைந்தால் மருந்து சேனலைத் தொடுகிறது என்று சொல்லலாம். எந்தச் சேனல் என்றறிய, எல் வகைக்கு நிஃபெடிபின் 10, என் வகைக்கு ஒமேகா-கோனோடாக்சின் ஜிவிஐஏ 1 மைக்ரோமோலார் போட்டு, மிஞ்சும் உச்சத்தின்மேல் மருந்தை மறுபடி விட்டுப் பாருங்கள்.