ஈ.சி.ஆரில் ராமேஸ்வரம் வரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கடலோரமாகவே காரில் போய் வந்தவர்கள் பலர் ஒரே குறையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: "கடலைத்தான் சரியா பார்க்கவே இல்லை." அவர்கள் சொல்வது உண்மை. பெயர் கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்) என்றாலும் வண்டியில் உட்கார்ந்தபடி கடல் தெரியும் இடங்கள் கொஞ்சம்தான். மற்ற இடங்களில் சவுக்குத் தோப்பு, ரிசார்ட் மதில், மரக்காணம் உப்பளம், டெல்டா வந்துவிட்டால் வயல். கடல் இடது கைப் பக்கம் எங்கேயோ இருக்கும். மீனவக் குப்பத்துக்குப் போகும் சின்னச் சாலையில் திரும்பினால்தான் அது கண்ணில் படும். திரும்பாமல் நேராகவே ஓட்டிக்கொண்டு போவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்துதான் பிறக்கின்றன.

ஏன் திரும்புவதில்லை? நேரம் இல்லை. மொத்த வழி 600 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டால் திருச்சி வழியாகவே போயிருக்கலாம். ஐந்து நாள் வையுங்கள். ஒரு நாளைக்கு 120, மிஞ்சினால் 150 கிலோமீட்டர். புதுச்சேரி 150 கிலோமீட்டர்தான், மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்பார்கள். ஆனால் மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இருக்கிறது. கடப்பாக்கத்தில் இடதுபக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 1760-இல் ஆங்கிலேயர்கள் இடித்துப்போட்ட செங்கல் மதில்கள் கழிமுகத்தை ஒட்டி அப்படியே நிற்கின்றன. மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர், அதைத் தாண்டி ஒரு மணல் திட்டு, அதற்கும் அப்பால் கடல். அங்கே ஒரு மணி நேரம் சும்மா உட்காராமல் எழுந்து வர எனக்கு மனசு வந்ததே இல்லை.

போகும்போது கடற்கரை வழி, வரும்போது உள்வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கு நோக்கிப் போகையில் கடல் நம் இடப்பக்கம், நினைத்த இடத்தில் திரும்பலாம். வடக்கு நோக்கி வந்தால் ஒவ்வொரு தடவையும் எதிரே வரும் லாரிகளைக் குறுக்கே கடந்து வலப்பக்கம் போக வேண்டும். நாலு தடவை செய்தால் அலுத்துவிடும்.

கூகுள் மேப்பில் ராமேஸ்வரம் என்று போட்டுவிட்டுக் கிளம்புவது இன்னொரு தவறு. அதற்கு நேரம்தான் முக்கியம். பெரும்பாலும் திருச்சிப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும், இல்லையென்றால் புறவழிச்சாலையில் ஏற்றிவிடும். அடுத்த ஊரை மட்டும் போடுங்கள்: சிதம்பரம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, வேதாரண்யம், தொண்டி என்று ஒவ்வொன்றாக. வரைபடத்தில் பக்கத்தில் தெரிவதையும் நம்ப வேண்டாம். பிச்சாவரத்துக்கும் பூம்புகாருக்கும் நடுவே கொள்ளிடம் கடலில் கலக்கிறது. முகத்துவாரத்தில் பாலம் இல்லை. சிதம்பரம் வந்து கொள்ளிடப் பாலம் ஏறி, சீர்காழி வழியாகத்தான் மறுபடி கடலுக்கு வர முடியும். அதற்கென்று அரை நாள் ஒதுக்காதவர்கள் தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பூட்டிய பிறகு போய் நிற்பார்கள்.

மாதம் பார்க்காமல் கிளம்புகிறவர்களும் உண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்தக் கரைக்கு அதுதான் புயல் காலம். ஏப்ரல், மே மாதங்களில் பத்து மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது. ஜனவரி பாதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை போனால் காற்று இதமாக இருக்கும், கோடியக்கரையில் பறவைகளும் இருக்கும். பொங்கல் விடுமுறையை மட்டும் விட்டுவிடுங்கள். மீனுக்காகவே போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப் படகில் வரும் கொஞ்சம் மீன் கரையிலேயே விற்றுப்போகும். அந்த நாட்களில் ஓட்டலில் பெரிய வஞ்சிரம் வந்தால் எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

மாலையில் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்கக் காத்திருப்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். இது கிழக்குக் கரை. சூரியன் முதுகுக்குப் பின்னால் மறையும். அதற்குப் பதில் பௌர்ணமியை ஒட்டிப் பயணத்தை வையுங்கள். பொழுது சாயும் அதே நேரத்தில் கடலிலிருந்து நிலா எழும், முதலில் மங்கின செம்பு நிறத்தில். ஒரு முறை தரங்கம்பாடிக் கரையில் என் மகள் அதைச் சூரியன் என்றே நினைத்துவிட்டாள்.

குளிப்பதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். இந்தக் கரையில் வருடம் தவறாமல் உயிர் போகிறது, நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் போகிறார்கள். கரைக்கு வந்த அலைத் தண்ணீர் சில இடங்களில் வாய்க்கால் மாதிரி ஒன்றுசேர்ந்து வேகமாகக் கடலுக்குள் திரும்பும். அந்த இடத்தில் அலை அவ்வளவாக உடையாது, பார்வைக்கு அமைதியாக இருக்கும். அமைதியாக இருக்கிறதே என்று அங்கேதான் இறங்குவார்கள். இழுத்துவிட்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள், சக்தி தீர்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். இதைவிட எளிது, இறங்கும் முன் குப்பத்தில் ஒருவரிடம் கேட்பது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

மணல். ஒரு தடவை சவுக்குத் தோப்பைத் தாண்டி இன்னும் பத்தடி போகலாம் என்று காரை விட்டேன். முன்சக்கரம் புதைந்தது. பயத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஓடிவந்து, "தம்பி, மிதிக்காதீங்க, முதல்ல நிறுத்துங்க" என்றார். டயரில் பாதிக் காற்றை இறக்கச் சொன்னார். சக்கரத்துக்கு முன்னால் கையாலேயே மணலை வாரிவிட்டு இரண்டு பனை மட்டைகளைச் செருகினார். நாலு பேர் தள்ள, கார் வெளியே வந்தது. காசு நீட்டினேன், வாங்கவில்லை. "அந்த வலை மேல மட்டும் வண்டிய ஏத்திடாதீங்க" என்றார். அன்றைக்குத்தான் கவனித்தேன், திரும்பும் வழியெல்லாம் வலை காய்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் வண்டி ஏறினால் அவர்களுக்கு ஒரு நாள் தொழில் போய்விடும். படம் எடுப்பதற்காகச் செருப்புக் காலோடு படகில் ஏறுவதும் அப்படித்தான். அது அவர்கள் கும்பிட்டுவிட்டுக் கடலில் இறக்குகிற படகு.

இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். சாலையில் மாடு படுத்திருக்கும், விளக்கில்லாத சைக்கிள் வரும், அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிறவர்கள் இரவிலும் ஓரமாக வந்துகொண்டிருப்பார்கள்.

கடைசி நாளைத் தனுஷ்கோடிக்கு முழுதாகக் கொடுங்கள். மதியத்துக்கு மேல் ராமேஸ்வரம் வந்து தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனைக்கு அவசரமாக ஓடுவது பலர் செய்யும் தவறு. பொழுது சாயும் முன்பே வண்டிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். பெட்ரோலை ஊரிலேயே போட்டுக்கொண்டு விடியற்காலையில் கிளம்புங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்களைத் தாண்டினால் சாலையின் இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணை, அதைப் பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். ஒரு பக்கம் குளம் போலக் கிடக்கும், மறுபக்கம் அலை அடித்துக்கொண்டிருக்கும். வாடைக் காற்று வீசும் மாதங்களில் இது தலைகீழாகிப் பெண் கடல் பொங்கும். காரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரண்டு சத்தத்தையும் கேளுங்கள்.